கப்பலேற எந்தக் கடதாசி?



கீரிமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றிருப்பீர்கள். கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதில்தான். இந்தப் பக்கம் நன்னீர், அந்தப் பக்கம் உப்புநீர். பெண்கள் குளிப்பதற்கு மறைப்போடு தனிக் கேணி இருப்பதால் யாழ்ப்பாணத்துக்கு வரும் நம் குடும்பங்களும் ஒரு எட்டு அங்கே போய் வருவதுண்டு. அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே சிறிது தூரம் போனால் காங்கேசன்துறைத் துறைமுகம். பல ஆண்டுகள் பாதுகாப்பு வலயத்துக்குள் மூடிக் கிடந்த இந்தக் கரையில் இப்போது பயணிகள் கப்பல் பற்றிய பேச்சு அடிபடுகிறது.

2023 ஜூன் 16 ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற கோர்டீலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி 'செரியபாணி' என்ற கப்பல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடத் தொடங்கி, மழைக்காலம் வந்ததால் சில நாட்களிலேயே நின்றுபோனது. 2024 ஓகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் அந்தப் பாதையில் இறங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல் தூரம். நான்கு மணி நேரப் பயணம். 

இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நம் வீடுகளில் பழைய ஆசைகள் தலைதூக்கியிருக்கின்றன. நாகூர் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஸியாரத் பற்றி நம்மிடையே இரண்டு கருத்து இருக்கிறது. அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். ஸியாரத்துக்குப் போகாதவர்களுக்கும் அந்தக் கரையில் வேலை உண்டு. காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் சம்பந்தம் செய்த குடும்பங்கள் எத்தனை! திருச்சியிலும் சென்னையிலும் வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் எத்தனை பேர்!

ஆனால் கப்பல் என்றதும் ஒரு குழப்பமும் கூடவே வருகிறது. "பக்கத்துக் கரைதானே, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருந்தால் போதாதா? அமெரிக்காவில் இருக்கும் மச்சி அப்படித்தானே கப்பலில் போய் வந்தாள்?" என்ற கேள்வி அது. இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் தவறாக விளங்கிக்கொண்டு துறைமுகம் வரை வந்து திரும்பினால் போவது கப்பல் கட்டணம் மட்டுமல்ல.

முதலில் மச்சியின் கதையைப் பார்ப்போம். அவள் பொய் சொல்லவில்லை. 2009 ஜூன் முதலாம் திகதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தரை வழியாகவும் கடல் வழியாகவும் நாடு திரும்பும் அந்நாட்டுப் பிரசைகள் கடவுச்சீட்டோ அதற்கு ஈடான பத்திரமோ காட்ட வேண்டும். இதில் ஒரு விலக்கு வைத்தார்கள். ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு, அண்டை நாடுகளையும் கரீபியன் தீவுகளையும் சுற்றிவிட்டு, புறப்பட்ட அதே துறைமுகத்துக்கே திரும்பி வரும் உல்லாசக் கப்பலானால், அமெரிக்கப் பிரசைகள் பிறப்புச் சான்றிதழையும் அரசாங்கம் கொடுத்த படமுள்ள அடையாள அட்டையையும் காட்டி உள்ளே வரலாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே போதும்.

இந்த விலக்குக்குள்ளும் கண்ணிகள் உண்டு. பிறப்புச் சான்றிதழ் என்பது அங்கே 'நான் இந்த நாட்டில் பிறந்தவள், ஆகவே இந்த நாட்டுப் பிரசை' என்பதற்கான அத்தாட்சி. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ பிறந்து, பிறகு அங்கே போய்க் குடியுரிமை பெற்ற நம் சகோதரி தன் இலங்கைப் பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் எதுவும் ஆகாது. அவள் குடியுரிமை பெற்ற சான்றிதழைக் காட்ட வேண்டும். குடியுரிமை இன்னும் பெறாமல் நிரந்தர வதிவிட அட்டையில் இருப்பவளுக்கு இந்த விலக்கே இல்லை. இன்னுமொன்று: கப்பல் தொடும் தீவு தன் கரையில் கால் வைக்கக் கடவுச்சீட்டுக் கேட்டால் அதற்கு அமெரிக்க விதி பொறுப்பாகாது. நடுவழியில் நோய் வந்து ஏதோ ஒரு தீவில் இறக்கப்பட்டு விமானத்தில் வீடு திரும்ப வேண்டி வந்தால், பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. அதனால்தான் அந்த நாட்டு அதிகாரிகளே உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்கும் கடவுச்சீட்டைக் கையில் எடுத்துச் செல்லும்படி புத்தி சொல்கிறார்கள்.

இனி நம் கடலுக்கு வருவோம். இங்கே அப்படி எந்த விலக்கும் கிடையாது. காங்கேசன்துறையில் குடிவரவு அதிகாரியும் சுங்க அதிகாரியும் இருக்கிறார்கள், நாகப்பட்டினத்திலும் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் நடப்பதெல்லாம் இங்கும் நடக்கும். கைக்குழந்தையானாலும் தனிக் கடவுச்சீட்டு, அதில் வீசா. சென்னையில் ஏறி இலங்கைத் துறைமுகங்களைச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் உல்லாசக் கப்பலில் வரும் இந்தியக் குடும்பங்களுக்கும் கடவுச்சீட்டு வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறோம் என்ற நியாயம் இங்கே எடுபடாது. அதே நிறுவனத்தின் கப்பல் மும்பையிலிருந்து கோவாவுக்குப் போனால் அது உள்நாட்டுப் பயணம். அங்கே படமுள்ள அடையாள அட்டை போதும். எல்லை தாண்டுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. கடலின் அகலத்தை யாரும் அளப்பதில்லை.

வயதானவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிய காலம் அவர்கள் நினைவில் இருக்கிறது. 1914 இல் தொடங்கிய அந்தக் கப்பல் தனுஷ்கோடிக்குப் போனது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்குப் போனது. 1980களில் யுத்தத்தோடு நின்றது. அந்த நாட்களில் இந்தியாவில் இலங்கைக்கு மட்டும் செல்லுபடியாகும் தனிக் கடவுச்சீட்டுக்கூட வழங்கினார்கள். அது இப்போது இல்லை. ஹஜ்ஜுக்கும் இப்படித்தான். இந்திய ஹாஜிகள் நெடுங்காலம் சாதாரணக் கடவுச்சீட்டு இல்லாமல், யாத்திரிகர்களுக்கென்று கொடுக்கப்பட்ட அனுமதிப் புத்தகத்தோடு மக்கா போய் வந்தார்கள். 2009 இல் சவூதி அரசாங்கம் எல்லோருக்கும் சர்வதேசக் கடவுச்சீட்டு வேண்டும் என்று சொன்னதும் அந்த வசதி முடிந்தது. தனிச் சலுகைப் பத்திரங்களெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து கடவுச்சீட்டு ஒன்றே மிஞ்சியிருக்கிறது.

ஆக, கடவுச்சீட்டா, பிறப்புச் சான்றிதழா என்று கேட்டால் கடவுச்சீட்டுத்தான். இதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் சகோதரிகளே, நம் வீடுகளில் பிரயாணம் தடைப்படுவது பெரும்பாலும் கடவுச்சீட்டால் அல்ல. கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போது கேட்கப்படும் முதல் கடதாசியால்தான். அது பிறப்புச் சான்றிதழ்.

பெட்டியில் இல்லாத பத்திரம்

வடபுல முஸ்லிம்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சோனகத் தெருவில் அலுமாரிக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பாடசாலைச் சான்றிதழும் அங்கேயே கிடந்தன. பிள்ளையின் பால் போத்தலை எடுப்பதா, பத்திரக் கட்டை எடுப்பதா என்று நினைக்கவும் நேரம் இல்லாத வேளை அது. கீரிமலையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குத் தமிழ் மக்களும் அதே 1990 இல்தான் தங்கள் வீடுகளை விட்டு ஓடி, பல பத்து ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். பத்திரத்தை இழந்த கவலை இரு சாராருக்கும் ஒன்றுதான்.

அப்போது பத்து வயதாக இருந்த ஒரு பெண் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, அங்கேயே நிக்காஹ் முடிந்து, இப்போது பேரப்பிள்ளையும் கண்டிருப்பாள். அவளுடைய பிறப்பு யாழ்ப்பாணத்தில் பதிவு. அவள் பிள்ளைகளின் பிறப்பு புத்தளத்தில் பதிவு. கணவருடையது மன்னாரில். கப்பலேற நினைக்கும் ஒரே குடும்பத்தின் கடதாசிகள் மூன்று மாவட்டங்களில் கிடக்கின்றன.

பத்திரம் தொலைந்தது என்பதற்காகப் பதிவும் தொலைந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நம் பெண்கள் பலர் இங்கேதான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். பெட்டியில் இருந்தது வெறும் பிரதி. மூலப் பதிவு பதிவாளரின் புத்தகத்தில் இருக்கிறது. அதன் மறுபிரதி கொழும்பில் மத்திய பதிவேட்டு அறையிலும் பேணப்படுவது வழக்கம். பதிவு இலக்கம் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டாலும் பிறந்த திகதியையும் இடத்தையும் கொடுத்துப் பதிவேட்டில் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பல ஆண்டுகளின் பதிவுகள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், முன்போல ஒரு பிரதிக்காகப் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. முதலில் நீங்கள் வசிக்கும் இடத்துப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

தேடும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். பிறப்பைப் பதிவது பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளர். பெற்றோர் குடியிருக்கும் இடத்துப் பதிவாளர் அல்ல. முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். வாப்பாவின் ஊர் யாழ்ப்பாணம் என்று அங்கேயே தேடிக் களைத்துப்போன ஒருத்தியின் பதிவு, உம்மாவின் ஊரான எருக்கலம்பிட்டிப் பக்கத்துப் புத்தகத்தில் இருக்கக்கூடும். இதைச் சொல்லக்கூடியவர் வீட்டிலுள்ள மூத்த பெண்கள்தான். உம்மம்மா இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்: எந்த ஆஸ்பத்திரி, யார் மருத்துவிச்சி, எந்த வருடம், நோன்பு மாதமா ஹஜ் மாதமா. அவர் மவ்த்தான பிறகு எந்தக் கந்தோரிலும் அது கிடைக்காது.

பிறப்பே பதியப்படாதவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். அதற்கு மேல் போனால் காலங்கடந்த பதிவாகச் செய்ய வேண்டும். பதிவைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒன்றும் உண்டு. இவற்றுக்குக் கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், பாடசாலை ஆவணம், சத்தியக் கடதாசி என்று அலைச்சல் அதிகம். கப்பல் புறப்படுவதற்கு முந்திய மாதம் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

ஒருத்திக்கு மூன்று பெயர்

பத்திரம் கையில் இருந்தும் தடுக்கி விழுவது பெயரில். இது முஸ்லிம் பெண்களுக்கே உரிய தொல்லை என்றுகூடச் சொல்லலாம். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'எஃப்' எழுத்தில் தொடங்கும் பாத்திமா. அடையாள அட்டையில் 'பி' எழுத்தில் தொடங்கும் பாத்திமா. பாடசாலையில் வெறும் முதலெழுத்து. மொஹமட், முஹம்மது, மொஹிதீன், முகைதீன் என்று வாப்பாவின் பெயரும் எழுதியவரின் காதுக்கு ஏற்றபடி மாறியிருக்கும். அரபுப் பெயரைத் தமிழில் சொல்ல, அதைச் சிங்களத்தில் எழுத, அதை ஆங்கிலத்தில் பெயர்க்க, ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறாள்.

சிறிய வேறுபாட்டுக்கு 'இரண்டும் நான்தான்' என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு கந்தோரும் அதை ஒரே மாதிரி ஏற்பதில்லை. பிறப்புப் பதிவில் பெயரைத் திருத்தவோ மாற்றவோ சட்டப்படியே வழி இருக்கிறது. அதைச் செய்து எல்லாப் பத்திரத்தையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவருவது மேல். கப்பல் ரிக்கற்றிலும் வீசா விண்ணப்பத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பெயர் இருக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து ரிக்கற் போட்டுவிடாதீர்கள்.

கல்யாணம் முடிந்ததும் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை, மார்க்கமும் கேட்கவில்லை. வாப்பாவின் பெயரோடு பிறந்தவள் அந்தப் பெயரோடேயே கடவுச்சீட்டு எடுக்கலாம். அப்படி எடுத்தால் ஒரு கடதாசி குறைவு என்பது என் அபிப்பிராயம். கணவர் பெயரைச் சேர்ப்பதானால் விவாகச் சான்றிதழ் வேண்டும். இங்கேதான் வேறொரு சிக்கல். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நிக்காஹ்வைப் பதிய வேண்டும் என்கிறது. ஆனால் பதியாததால் மட்டும் நிக்காஹ் செல்லாமல் போகாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டு பதியாமலே விட்ட குடும்பங்கள், இடப்பெயர்வுக் காலத்தில் குறிப்பாக, நிறைய. நிக்காஹ் செல்லும். கடவுச்சீட்டுக் கந்தோரில் காட்டக் கடதாசிதான் இருக்காது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்து குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து என்று பயான்களில் கேட்கிறோம். பத்துப் பவுண் மஹரை எழுதத் தயங்காத நாம், நிக்காஹ்வைப் பதியச் சோம்பலாக இருக்கலாமா?

பிள்ளைகளுக்கு வருவோம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அது மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். பெரியவர்களுடையது பத்து ஆண்டு. பிள்ளைக்கு எடுக்கும்போது பெற்றோர் இருவருடைய சம்மதமும் கேட்பார்கள். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், அங்குள்ள நமது தூதரகத்தில் உறுதிப்படுத்திய சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். வாட்சப்பில் குரல் பதிவு அனுப்பினால் போதாது!

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஜித்தாவில் பிறந்த பிள்ளைக்கு அந்த நாட்டு ஆஸ்பத்திரி கொடுத்த சான்றிதழ் அவனை இலங்கைப் பிரசை ஆக்கிவிடாது. பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்தின் மூலம் பதிந்து வம்சாவளிப் பிரசாவுரிமை பெற வேண்டும். தமிழகத்தில் அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் வழியாக இதே வேலைதான். முன்பு இந்த உரிமை தகப்பன் வழியாக மட்டுமே வந்தது; 2003 இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் வரும். அந்நிய நாட்டவரை மணந்த நம் பெண்கள் சிலர் இதை இன்னும் அறியாமல் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தார் கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ இரவு பஸ் ஏறிய காலம் இருந்தது. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டுக் கந்தோர் திறக்கப்பட்டது. கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற தாய்மாருக்கு இது பெரிய உதவி, அல்ஹம்துலில்லாஹ். படம் மட்டும் திணைக்களம் அனுமதித்த ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். கைவிரல் அடையாளமும் வைப்பார்கள். நிக்காப் அணியும் சகோதரிகள் முகம் தெரியும்படி படம் எடுக்க வேண்டியிருக்கும். பெண் படப்பிடிப்பாளர் இருக்கும் ஸ்டூடியோவை முன்பே விசாரித்து வைத்துக்கொண்டால் கடைசி நேரச் சங்கடம் இராது.

வீசா பற்றி ஒரே ஒரு சொல். இணையத்தில் எடுக்கும் இந்திய வீசா எல்லா வாசலாலும் உள்ளே விடாது. குறித்த சில விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும்தான் அது செல்லும். நாகப்பட்டினத்தில் இறங்கப் போகிறவர் அந்தத் துறைமுகத்துக்குச் செல்லுமா என்று கப்பல் நிறுவனத்திடமும் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலும் கேட்டுக்கொண்டே பணம் கட்டுங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்கட்டும்.

அப்படியானால் பிறப்புச் சான்றிதழைக் கப்பலுக்குக் கொண்டு போகத் தேவையில்லையா? மூலப்பத்திரத்தைக் கொண்டு போகாதீர்கள். அது வீட்டிலேயே இருக்கட்டும். போட்டோப் பிரதி ஒன்றைக் கடவுச்சீட்டு இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். நாகூர்க் கடைத்தெருச் சனக்கூட்டத்தில் கைப்பை தொலைந்து கடவுச்சீட்டும் போய்விட்டால், நீங்கள் பொலிஸில் முறைப்பாடு எழுதிச் சென்னைத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஊர் திரும்பத் தற்காலிகப் பத்திரம் கொடுப்பதற்கு முன் நீங்கள் யார் என்று அவர்கள் உறுதி செய்ய வேண்டுமல்லவா? அந்த நேரத்தில் கடவுச்சீட்டின் பிரதி, அடையாள அட்டையின் பிரதி, பிறப்புச் சான்றிதழின் பிரதி மூன்றும் கையில் இருப்பவளுடைய வேலை விரைவில் முடியும்.

கந்தூரிக்குப் போக நிய்யத்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நாகூர்க் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில். பிறைக் கணக்கு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருவதால், 2025 இல் நவம்பரின் பிற்பகுதியில் வந்த அந்த மாதம் 2026 இல் நவம்பரின் நடுப்பகுதியை ஒட்டியும், 2027 இல் நவம்பர் தொடக்கத்தை ஒட்டியும் வரும். இது வாடைக் காற்றும் மழையும் உச்சத்தில் இருக்கும் காலம். 2023 இலும் 2024 இலும் கப்பலை நிறுத்தியது இந்தக் காலத்தில்தான். 2024 இல் நின்றது 2025 பெப்ரவரியில்தான் மறுபடி ஓடியது. ஆகவே கந்தூரி நாட்களுக்கென்று கப்பலை நம்பி இருக்காமல், பலாலியிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் உண்டா என்று விசாரியுங்கள். கப்பலில்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், இன்ஷா அல்லாஹ், கடல் அமைதியாக இருக்கும் மாசி பங்குனியைப் பாருங்கள்.